வேலை இருக்கிறது, வேலை அனுமதி இல்லை

தாய்லாந்தின் வடகிழக்கில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பெண் ஒருவர் வழக்கறிஞரான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் திருமங்கலம் பக்கம். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 29. எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். ஊரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் மாதம் 11,000 ரூபாய்க்கு வேலை பார்த்தவர். மதுரையில் ஓர் ஏஜென்டிடம் 1,80,000 ரூபாய் கட்டி, போன மே மாதம் தாய்லாந்து போனார். பணம் அம்மாவின் நகையை அடகு வைத்துப் புரட்டியது.

வேலை பிடித்திருக்கிறது என்கிறார். காலையில் பள்ளி வாசலில் நின்று, கைகூப்பிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்குத் தானும் கைகூப்ப வேண்டும். 8 மணிக்குக் கொடியேற்றம், நாட்டுப்பண். வகுப்புக்கு 40 பேர். பிள்ளைகள் ஆங்கிலம் பேசக் கூச்சப்பட்டாலும், பாட்டும் விளையாட்டும் என்றால் கூரை பிய்ந்துவிடும். மீன்சாறு சேராத சாப்பாடு தேடி அலுத்துப்போய், அறையிலேயே சோறும் ரசமும் வைத்துக்கொள்கிறார்.

சிக்கல் வேறு இடத்தில். அவர் நுழைந்தது சுற்றுலாப் பயணியாக. "பள்ளிக்குப் போனதும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்" என்றார் ஏஜென்ட். 8 மாதமாகியும் மாறவில்லை. தங்கும் காலம் முடியும்போதெல்லாம் பஸ் பிடித்து நோங் காய் போய், பாலம் தாண்டி லாவோஸில் கால் வைத்துவிட்டுத் திரும்புகிறார். கடைசி முறை எல்லை அதிகாரி பாஸ்போர்ட்டை வெகுநேரம் புரட்டிவிட்டு, "இங்கே என்ன செய்கிறாய்?" என்று கேட்டிருக்கிறார். பள்ளி சம்பளத்தை அங்குள்ள ஏஜென்சியிடம் கொடுக்கிறது. இவர் கைக்கு வருவது 21,000 பாட். பக்கத்து வகுப்பில், ஆசிரியர் பயிற்சி எதுவும் இல்லாத பிரிட்டன் இளைஞருக்கு 38,000 பாட். அசல் சான்றிதழ்கள் "சரிபார்ப்புக்காக" மதுரை ஏஜென்டிடமே இருக்கின்றன. 2 ஆண்டுக்கு முன் விலகினால் 3 லட்சம் என்று இவர் பாண்டு எழுதிக்கொடுத்திருக்கிறார். அப்பா தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இப்போது பக்கத்து மாகாணப் பள்ளி ஒன்று நேரடியாகக் கூப்பிடுகிறது. கேள்விகள் இவை: விட்டுவிட்டுப் போகலாமா? 3 லட்சம் கட்டித்தான் ஆக வேண்டுமா? "சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று போலீசில் எழுதிக்கொடுத்து நகல் வாங்கு" என்கிறார் சித்தப்பா மகன், செய்யலாமா? வாடிப்பட்டி பக்கம் 60 சென்ட் நஞ்சை பார்த்திருக்கிறார் அப்பா, என் பெயரில் முடிக்கலாமா?

கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "டீச்சர் வேலை கஷ்டமாக இருந்தால், மே சோட் பக்கம் ஆங்கிலத்தில் சாட் செய்யும் கம்ப்யூட்டர் வேலை இருக்கிறது, இரண்டு மடங்கு சம்பளம் என்கிறார் ஏஜென்ட். அதையும் யோசிக்கிறேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மே சோட்டுக்குப் போகாதீர்கள். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அந்த ஊரை ஒட்டி ஓடும் மோய் ஆற்றுக்கு அக்கரை மியான்மரின் மியாவடி. ஆங்கிலம் தெரிந்த, படித்த பிள்ளைகளை "டிஜிட்டல் வேலை" என்று தாய்லாந்துக்கு வரவழைத்து, ஆற்றைத் தாண்டவைத்து, வேலி போட்ட வளாகங்களில் அடைத்து, இணைய மோசடி செய்யச் சொல்லி அடித்த கதைகள் 2022இலேயே வெளிவந்துவிட்டன. வெளியுறவு அமைச்சகம் அந்த ஆண்டே எச்சரிக்கை விட்டது. சிக்கியவர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். 2025 மார்ச்சில் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்துதான் ஏற்றி வந்தன. உங்கள் ஏஜென்டுக்கு இது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். அந்த வாட்ஸப் செய்தியை மட்டும் அழித்துவிடாதீர்கள். பின்னால் உதவும்.

முதலில் விசா

உங்கள் கடிதத்தில் பாண்டு பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, விசா பற்றி ஆறு வரி. நான் தலைகீழாகக் கவலைப்படுகிறேன். பாண்டு பணப் பிரச்சினை, மெதுவாகத் தீர்த்துக்கொள்ளலாம். விசா அப்படியல்ல.

"பள்ளி கடிதம் கொடுத்திருக்கிறது, அதனால் சட்டப்படி சரிதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். சரியில்லை. வெளிநாட்டவர் அங்கே பாடம் நடத்த வேலைக்கான நான்-இமிக்ரன்ட் பி விசா வேண்டும், அதற்கு மேல் தனியாக வேலை அனுமதியும் வேண்டும். அனுமதியின்றி வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல், அப்புறம் 2 ஆண்டுக்கு வேலை அனுமதி கேட்கவே முடியாது. வேலை கொடுத்தவருக்கும் அபராதம் உண்டு. ஆனால் ஊருக்கு அனுப்பப்படுவது நீங்கள்தான். அந்த 2 ஆண்டுத் தடை விழுந்தால் பக்கத்து மாகாண வாய்ப்பும் போய்விடும்.

இன்னொரு நம்பிக்கையும் தெரிகிறது: "என் பாஸ்போர்ட் குடியகல்வு அனுமதி தேவையில்லாத வகை, அதனால் அரசு அனுமதியோடுதான் வந்தேன்." அது நீங்கள் படித்தவர் என்பதால் கிடைத்த விலக்கு. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் தாய்லாந்து போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடியகல்வோர் பாதுகாவலர் அலுவலகம் ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதிக்கும். உங்களுக்கு அந்த விலக்கு இருந்ததால் யாரும் எதையும் பார்க்கவே இல்லை. படித்தவர்களை ஏஜென்டுகள் சுலபமாக ஏற்றிவிடுவது இந்தச் சந்தில்தான்.

இனி வழிகள். ஒன்று, இப்போதைய பள்ளியே விசாவை மாற்றித் தருவது. 8 மாதம் செய்யாததற்குக் காரணம் இருக்கும். ஏஜென்சி வழியாக ஆள் எடுக்கும் பள்ளிகள் பல, காகிதம் ஏஜென்சியின் பொறுப்பு என்று இருந்துவிடும். தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள். ஒரு வாரத்தில் எழுத்தில் பதில் வராவிட்டால் அந்த வழியை மூடிவிடுங்கள். இரண்டு, புதிய பள்ளிக்கு அங்கிருந்தபடியே தாவுவது. "முதலில் வந்து சேருங்கள், விசா அப்புறம்" என்று அவர்களும் சொன்னால், அது அதே கிணறுதான், வேறு ஊரில் இருக்கிறது. மூன்று, ஊருக்கு வந்து, முறையாக விசா எடுத்துக்கொண்டு திரும்பிப் போவது.

நான் மூன்றாவதைச் சொல்வேன். அங்கே கல்வி ஆண்டு மே மாத நடுவில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. கோடை விடுமுறை இரண்டு மாதம். சான்றிதழ் வேலைகளுக்கு அந்தக் காலம் சரியாக இருக்கும். (சித்திரைத் திருவிழாவையும் பார்த்துவிடலாம். கணக்கில் சேர்க்க வேண்டாம், சும்மா சொன்னேன்.) "மார்ச் தேர்வு வரை பிள்ளைகளை விட்டு வர மனமில்லை" என்கிறீர்கள். புரிகிறது. ஆனால் அனுமதியில்லாமல் வகுப்பில் நிற்கும் ஒவ்வொரு நாளும் குற்றம் என்று தெரிந்துகொண்டு, தேர்வு வரை இருங்கள் என்று ஒரு வழக்கறிஞர் எழுத முடியாது. இப்போது கையிலிருக்கும் தங்கும் காலம் முடியும் முன்பே கிளம்புங்கள். இன்னொரு முறை பாலம் தாண்ட வேண்டாம். அந்த அதிகாரி கேட்ட கேள்விக்கு அடுத்த தடவை பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். காலம் தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம். 90 நாளைத் தாண்டினால், தானாகக் கிளம்பினாலும் ஓராண்டு நுழைவுத் தடை.

புதிய பள்ளியிடம் இப்போதே மூன்று காகிதங்கள் கேளுங்கள்: நியமனக் கடிதம், பள்ளியின் உரிம நகல், உங்களை நியமிக்கக் கல்வித் துறை அலுவலகம் தரும் ஒப்புதல் கடிதம். இவை கைக்கு வந்தால் பள்ளி விளையாடவில்லை என்று அர்த்தம். விசா விண்ணப்பம் இங்கிருந்து, சென்னையிலுள்ள தாய்லாந்து துணைத் தூதரகத்தின் வழியாக. வழக்கமாக 90 நாள் தருவார்கள். அதற்குள் பள்ளி வேலை அனுமதி வாங்கி, ஓராண்டு நீட்டிப்புக்குப் போக வேண்டும். அந்த நீட்டிப்பு அந்தப் பள்ளியோடு கட்டப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். வேலையை விடும் நாளோடு தங்கும் உரிமையும் முடியும். கோபத்தில் ராஜினாமாக் கடிதம் நீட்டுகிற பழக்கம் இருந்தால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

தாய்லாந்துச் சட்டத்தில் வழக்காடுபவர்கள் அங்கே இருக்கிறார்கள், நான் மதுரைக்காரன். கிளம்புவதற்குள் அதிகாரிகள் விசாரணை என்று கூப்பிட்டால் எதிலும் கையெழுத்துப் போடும் முன் பாங்காக்கிலுள்ள நம் தூதரகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். 'மதாத்' (MADAD) என்ற, வெளியுறவு அமைச்சகத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் இப்போதே ஒரு பதிவு போட்டு வைப்பதும் நல்லது.

சான்றிதழ்கள்

விசா விண்ணப்பம் முதல் ஆசிரியர் உரிமம் வரை எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தக் காகிதங்கள்தான். ஏஜென்ட் அவற்றை வைத்திருப்பதும் அதனால்தான். பாண்டுக்கு ஈடாகச் சான்றிதழைப் பிடித்துவைக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழ் தர மறுத்த கல்லூரிகளுக்கு எதிரான வழக்குகளில், இவை விற்கவோ அடகு வைக்கவோ கூடிய சரக்கல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத உரிமை ஏஜென்டுக்கு எங்கிருந்து வரும்?

சித்தப்பா மகன் சொன்ன வழி வேண்டவே வேண்டாம். தொலையாததைத் தொலைந்தது என்று போலீசில் எழுதிக்கொடுப்பது பொய்த் தகவல். ஏஜென்ட் அசலைத் தூக்கிக் காட்டினால், அதுவரை புகார்தாரராக இருந்த நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவீர்கள்.

முறைப்படி போகலாம். முதலில் வழக்கறிஞர் நோட்டீஸ், 15 நாள் அவகாசம். பல ஏஜென்டுகள் அந்த மட்டத்திலேயே இறங்கிவிடுவார்கள். இறங்காவிட்டால் மாவட்டக் குற்றப்பிரிவில் புகார். ஏமாற்றுதலும் நம்பிக்கை மோசடியும் பாரதிய நியாய சன்ஹிதாவில் முறையே 318, 316ஆவது பிரிவுகள். நீங்கள் வெளிநாட்டில் இருப்பது தடையில்லை. பணம் கட்டியவர் அப்பா, அவரே கொடுக்கலாம். போலீஸ் இழுத்தடித்தால் எஸ்.பி.க்கு எழுத வேண்டும். அங்கும் நகராவிட்டால் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று கவலைப்பட்டிருந்தீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு உங்கள் பெயரில் ஒரு மனு போதும்.

கட்டிய 1,80,000 ரூபாயைத் திரும்பக் கேட்க நுகர்வோர் ஆணையம் நல்ல இடம். சொன்ன சேவையைச் செய்யவில்லை என்பதுதான் வழக்கு. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் கட்டியதற்கு ரசீது இல்லை என்றாலும் வங்கிப் பரிமாற்றமும் வாட்ஸப் பேச்சும் இருக்கின்றனவே, அவை சாட்சியம். ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்பதை இமைக்ரேட் தளத்தில் பார்த்து அந்தப் பக்கத்தையும் அச்செடுத்து வையுங்கள். பதிவு பெற்றவர்களே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம்.

சான்றிதழ் கைக்கு வந்தபின் ஒரு நுணுக்கம். எம்.ஏ. பட்டம் ஒரு பல்கலைக்கழகம், பி.எட். பட்டம் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். உண்மைத்தன்மைக் கடிதம் கேட்டால் இரண்டு இடத்திலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். மாநில உயர்கல்வித் துறைச் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகச் சான்றொப்பம், போலீஸ் நன்னடத்தைச் சான்று என்று வரிசை நீளும். எந்தெந்தக் காகிதத்துக்கு எந்த முத்திரை என்பதைப் புதிய பள்ளியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். இல்லையென்றால் சென்னைக்குப் பஸ் பிடித்தே விடுமுறை தீர்ந்துவிடும்.

பாண்டும் காசோலையும்

"3 லட்சம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன், கட்டித்தானே ஆக வேண்டும்?" இல்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். நீங்கள் விலகுவதால் அவருக்கு என்ன நஷ்டம்? சம்பளத்தில் மாதாமாதம் ஒரு பங்கு ஏஜென்சிக்குப் போயிருக்கிறதே. தவிர, சுற்றுலா அனுமதியில் வேலை செய்யவைக்கும் ஏற்பாடே சட்டவிரோத நோக்கம் என்பதால் 23ஆவது பிரிவில் ஒப்பந்தமே செல்லாது என்று வாதிடலாம். வாதம் வலுவானது. ஆனாலும் தீர்ப்பு நீதிபதி கையில்.

உண்மையான தலைவலி அப்பாவின் காசோலை. தொகை எழுதாத காசோலை செல்லாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நம்ப வேண்டாம். கையெழுத்து தன்னுடையது என்றால், மற்றதை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், கடனுக்காகக் கொடுத்தது என்றே முதலில் கருதப்படும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை அப்பா மேல்தான். வங்கியில் பட்டுவாடாவை நிறுத்தச் சொல்வதும் முழுத் தீர்வல்ல. அப்படித் திரும்பும் காசோலைக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் காசோலை மோசடி வழக்கு வரும். அதனால் இப்போதே, அது நிரப்பப்படும் முன், "இந்த எண்ணுள்ள காசோலை வேலைக்கான ஈடாக, தொகை எழுதாமல் கொடுக்கப்பட்டது, எந்தக் கடனும் இல்லை, திருப்பித் தரவும்" என்று வழக்கறிஞர் நோட்டீஸிலேயே சேர்த்துவிட வேண்டும். பிற்பாடு வழக்கு வந்தால் இந்தத் தேதியிட்ட கடிதம்தான் பேசும்.

அப்படியும் காசோலை திரும்பி, வீட்டுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தால் அப்பா அதை வாங்க மறுக்கக் கூடாது. மறுத்தாலும் கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பதில் போக வேண்டும். தபால்காரரைக் கண்டு பின்வாசல் வழியாகப் போவது நம் பக்கம் பலருக்கும் கைவந்த கலை. அதனாலேயே தோற்ற வழக்குகள் உண்டு.

சம்பள வித்தியாசம்

உங்களுக்கு 21,000, அவருக்கு 38,000. படிக்கவே வயிறு எரிகிறது. ஆனால் இதை வழக்காக்கச் சொல்லமாட்டேன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளின் பாஸ்போர்ட்டுக்குத் தனி விலை வைப்பது அந்தத் தொழிலில் ஊறிப்போன வழக்கம். வேற்று நாட்டவரிடம் டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண்ணும் பொதுவாகக் கேட்பார்கள். எம்.ஏ. ஆங்கிலத்துக்கு இது பெரிய காரியமில்லை, எழுதி வைத்துவிடுங்கள். உங்கள் கையிலுள்ள துருப்பு பி.எட். அந்நாட்டு ஆசிரியர் மன்றமான குருசபாவின் உரிமத்துக்குக் கல்வியியல் படிப்புதான் கணக்கு. அந்த இளைஞர் அதற்காகப் பல ஆண்டு சுற்ற வேண்டும். புதிய பள்ளியிடம் சம்பளம் பேசும்போது இதை முன்வையுங்கள். இடையில் ஏஜென்சி இல்லாததால் மிச்சமாகும் பணம் யாருக்குப் போகும் என்றும் கேளுங்கள். ஒப்பந்தம் 10 மாதமா 12 மாதமா என்பதையும் பாருங்கள். 10 மாதம் என்றால் கோடையில் சம்பளம் வராது.

வாடிப்பட்டி நஞ்சை

உங்கள் பெயரில் முடிக்க முடியாது. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க அன்னியச் செலாவணி விதிகள் இடம் தரவில்லை. "182 நாள் ஆகாதவரை என்.ஆர்.ஐ. இல்லை" என்று பத்திரம் எழுதுபவர் அப்பாவிடம் சொன்னாராம். அது வருமான வரிக் கணக்கு. இந்தச் சட்டத்துக்கு, வேலைக்காக வெளிநாடு போய்விட்டால் போதும். மீறினால் சொத்து மதிப்பின் மூன்று மடங்கு வரை அபராதம் வரலாம். சார்பதிவாளர் பதிவு செய்துகொடுத்துவிடுவார் என்பதால் சரியாகிவிடாது.

"சரி, அப்பா பெயரில் வாங்கி எனக்காக வைத்திருக்கட்டும்" என்பது அடுத்த யோசனையாக வரும். உங்கள் பணத்தில் உங்களுக்காக அப்பா பெயரில் மட்டும் வாங்குவது பினாமிச் சட்டத்தில் சிக்கும். அப்பாவுக்கு மனதாரப் பணம் கொடுத்து, அவர் தனக்காக வாங்கினால் தவறில்லை. அப்போது நிலம் அவருடையது. உயில் எழுதாமல் அவர் காலமானால் அம்மாவுக்கும் தம்பிக்கும் உங்களுக்கும் சமபங்கு. உயில் வழியாகவோ வாரிசாகவோ விவசாய நிலம் உங்களுக்கு வருவதில் தடையில்லை. வாங்கத்தான் தடை. இது எதுவும் வேண்டாம் என்றால், அங்கீகாரம் பெற்ற வீட்டு மனை உங்கள் பெயரிலேயே வாங்கலாம். ஊருக்கே திரும்பி நிலையாகத் தங்கிவிட்டால் நஞ்சையும் வாங்கலாம்.

என்னைக் கேட்டால், அடகிலிருக்கும் அம்மாவின் நகையை மீட்காமல் நிலம் பேசுவதே அவசரம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டாரா என்று அப்பாவிடம் இன்றே கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். கொடுத்திருந்தால் ஒப்பந்தம் யார் பெயரில் எழுதியிருக்கிறது என்று பார்த்து அதன் நகலை அனுப்புங்கள். அதோடு பாண்டு நகல், காசோலை எண், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கங்கள் எல்லாவற்றின் படமும் வேண்டும். நோட்டீஸை எழுத அவை போதும். உங்கள் பழைய சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றும் வேலையை ஊருக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.